தண்ணீர் ஊற்றக்கூடாத குடம்

எண்பத்தேழாம் ஆண்டில் எங்கள் வீட்டில் ஆங்கிலம் பேசத் தெரிந்த பெரிய மனுசி நான்தான். எனக்குப் பன்னிரண்டு வயது. தொலைபேசி அடித்தால் நான், கதவு தட்டினால் நான், டொக்டரிடம் போனால் அம்மாவுக்கு எந்த இடத்தில் நோகிறது என்று சொல்வதும் நான். அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியும். ஆனால் அது கொழும்பில் கந்தோரில் வேலை பார்க்கையில் கடிதம் எழுதப் படித்த ஆங்கிலம். கனடாக்காரர் ஒருவர் வாயைத் திறந்ததும் அது அப்பாவின் தொண்டைக்குள் போய் ஒளிந்துகொள்ளும். அம்மா ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்புகள் தோய்க்கும் பகுதியில் வேலை செய்தார். அங்கே மெஷின்களின் இரைச்சல்தான், பேச்சுக்கு இடமில்லை. யாராவது ஆங்கிலத்தில் ஏதாவது சொன்னால் அம்மா அதில் கடைசிச் சொல்லைப் பிடித்துத் திருப்பிச் சொல்லுவார். “டுமோறோ மோர்னிங்” என்றால், “மோர்னிங், மோர்னிங்” என்று தலையாட்டுவார். எனக்கு வெட்கமாக இருக்கும். கிளிப்பிள்ளை என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். பெற்ற தாயைப் பற்றி ஒரு பிள்ளை இப்படி நினைக்கலாமா என்று கேட்டால், நினைத்தேன் என்றுதான் சொல்லுவேன்.

ரெக்ஸ்டேலில் ஒரு செங்கல் வீட்டின் பேஸ்மென்டில் குடியிருந்தோம். அப்பா, அம்மா, நான், ஏழு வயதுத் தம்பி. வீட்டுச் சொந்தக்காரி மேலே தனியாக இருந்தார். எழுபதைத் தாண்டிய ரஷ்யப் பெண். பெரிய யுத்தம் முடிந்தபின் ஜெர்மனியில் அகதி முகாமில் இருந்துவிட்டுக் கப்பலில் வந்தவர். நாங்கள் அவரை மேல்வீட்டு அன்ரி என்போம். அவருடைய ஆங்கிலமும் எங்களுடையதைப்போல இரவல்தான், ஆனால் நாற்பது வருடம் பாவித்ததில் அவருக்கு அளவாகிவிட்டது. அம்மாவும் அவரும் பொதுமொழி ஒன்றும் இல்லாமலே நல்ல சிநேகம். அம்மா வடை சுட்டால் ஐந்து மேலே போகும். அன்ரி பீட்றூட் சூப் வைத்தால் ஒரு சட்டி கீழே வரும். அதைத் தம்பியைத் தவிர யாரும் குடிப்பதில்லை, என்றாலும் அந்தச் சட்டியை அம்மா வெறுமையாகத் திருப்பி அனுப்பியதே இல்லை. இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு நடுவில் நான்தான் படியேறி இறங்குவேன்.

அன்ரியின் மகள்வழிப் பேத்தி என் வகுப்பில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் மேலே வந்துவிட்டால் நான் பேஸ்மென்டை விட்டு அசைய மாட்டேன். அம்மா தாளிக்கிற மணம் என் சட்டையில் இருக்குமோ என்று பயம். இது இந்தக் கதைக்கு முக்கியம், ஆகவே சொல்லிவைக்கிறேன்.

அன்ரியின் முன்னறையில் ஒரு கண்ணாடி அலுமாரி இருந்தது. அதற்குள் முழுக்கப் பூச்சாடிகள். எதிலும் பூ வைத்து நான் கண்டதில்லை. எல்லாம் சாணைச் சக்கரத்தில் பிடித்துப் பட்டை வெட்டிய பழைய ரஷ்யக் கண்ணாடி. பெரும்பாலானவை நிறமில்லாதவை. பின்னேர வெயில் யன்னலால் வந்து அவற்றில் பட்டால் சுவரெல்லாம் வானவில் துண்டுகள் ஓடும். தம்பி அவற்றைப் பிடிக்கப் போய் நெற்றியைச் சுவரில் முட்டியிருக்கிறான். நடுத்தட்டில் தனியாக நின்றது ஒரு சிவப்புச் சாடி.

அதன் வேலைப்பாட்டை இன்றைக்கும் அடியிலிருந்து முடிவரை என்னால் சொல்ல முடியும். இரண்டு கண்ணாடிகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஊதிச் செய்தது அது. உள்ளே தெளிந்த கண்ணாடி, வெளியே மாதுளை முத்தின் சிவப்பில் ஒரு மெல்லிய தோல். அந்தத் தோலை வெட்டிய இடமெல்லாம் உள்கண்ணாடி யன்னல் திறந்ததுபோலத் தெரியும். அடியில் இருபத்துநான்கு கதிர் உள்ள ஒரு நட்சத்திரம். மேசையில் வைத்தால் தெரியாத இடத்தில் எதற்கு இவ்வளவு வேலை என்று ஒருநாள் கேட்டேன். அன்ரி என் தலையைப் பிடித்துச் சாடியின் வாய்க்குள் பார்க்க வைத்தார். அடி நட்சத்திரம் வயிற்றுப் பட்டை ஒவ்வொன்றிலும் தெறித்து நூறு நட்சத்திரமாகத் தெரிந்தது. வயிறு உருண்டு பருத்தது. அதில் மூன்று நிரை வைரப்பட்டை, நிரைகளுக்கிடையில் எட்டுக் கூருள்ள பூக்கள். குளிர்காலத்தில் யன்னலில் உறைபனி வரைகிற பூ அது என்றார் அன்ரி. அம்மா பார்த்துவிட்டு எட்டிதழ்த் தாமரை என்றார். நான் இரண்டு பேருக்கும் தலையாட்டினேன். தோளில் நாலு பக்கமும் தென்னங்கீற்றைப்போலக் கோடு கோடாக வெட்டிய இலைகள். கழுத்து ஒடுங்கி, ஈரக்கையில் வழுக்காதபடி நெட்டாக ஆறு பட்டை. விளிம்பு, மரம் அரிகிற வாளின் பல்.

சோடியில் ஒன்று அது. அன்ரியின் தாயாருக்குக் கலியாணப் பரிசாக வந்தது, ரஷ்யாவில் மன்னர் ஆண்ட காலத்தில். மற்றச் சாடியைப் பஞ்சத்தில் ஒரு மூட்டை மாவுக்குக் கொடுத்துவிட்டார்களாம். மிஞ்சியதை அன்ரி தலையணைக்குள் வைத்துத் தைத்துத் தேசம் தேசமாகக் கொண்டுவந்தார்.

அந்த வருடம் புரட்டாதியில் நான் பெரியபிள்ளையானேன். அம்மா அழுதார், சிரித்தார், ஊருக்குக் கடிதம் எழுதினார். அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாமத்தியச் சடங்கு என்று முடிவாயிற்று. ஒரு பெண்பிள்ளை பருவமடைந்ததை நாற்பது பேரைக் கூப்பிட்டு, தண்ணீர் வார்த்து, சேலை உடுத்தி, ஆலாத்தி எடுத்து, படமும் பிடித்து அறிவிப்பது எங்கள் ஆட்களுக்குப் பெருமை. ரெக்ஸ்டேலில் ஏழாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த எனக்கு, பூமி பிளந்து என்னை விழுங்கினால் நல்லது என்றிருந்தது.

அம்மாவின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். எண்பத்துமூன்றுக் கலவரத்தில் கொழும்பில் எங்கள் வீடு எரிந்தபோது உடுத்த உடுப்போடு ஓடி வந்தவர்கள் நாங்கள். அதற்குப் பிறகு நாலு வருடமாக எங்கள் வீட்டில் ஒரு நல்ல காரியம் நடக்கவில்லை. எனக்குச் செய்வதுதான் முதல் மங்களம். அதை ஒரு குறையும் இல்லாமல் செய்துவிட வேண்டும் என்பது அம்மாவின் வைராக்கியம். முதல் காரியம் நன்றாக நடந்தால் மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்று அவர் நம்பினார்.

குறை ஒன்றே ஒன்றுதான். நிறைகுடம் வைக்கக் குடம் இல்லை. குடம் நிறையத் தண்ணீர் விட்டு, வாயில் ஐந்து மாவிலை செருகி, அதன்மேல் தேங்காயை இருத்தி, குத்துவிளக்குகளுக்கு நடுவில் அரிசி பரப்பி வைத்தால்தான் அது சடங்கு. எங்கள் செப்புக்குடம் கொழும்பு வீட்டோடு போய்விட்டது. அப்பாவின் அக்காவான மாமியிடம் ஒரு பித்தளைக் குடம் இருந்தது. கேட்டால் தருவார். ஆனால் குடத்தோடு கதையும் வரும். பெட்டைக்குச் சடங்கு செய்ய வெளிக்கிட்டவர்களிடம் ஒரு குடத்துக்கு வழியில்லை என்ற செய்தி நகரத்தின் மறுகோடியில் இருக்கிற மோர்னிங்சைட் வரைக்கும் போய்ச் சேரும். அம்மா பட்டினி கிடந்தாலும் கிடப்பாரே தவிர மாமியிடம் குடம் கேட்க மாட்டார்.

ஒருநாள் சூப்புச் சட்டியைத் திருப்பிக் கொடுக்க என்னோடு மேலே வந்த அம்மா, அலுமாரிக்கு முன்னால் நின்றுவிட்டார்.

“உந்தச் சாடியைப் பார் பிள்ளை. கழுத்து, வயிறு எல்லாம் அப்பிடியே குடத்தின்ரை வடிவு. சிவப்பும் மங்களம். ஒருநாளைக்குத் தருவாவோ எண்டு கேள். அவவையும் பேத்தியையும் கட்டாயம் வரச்சொல்லு.”

“நான் பிறகு கேக்கிறன் அம்மா,” என்றேன். அம்மா பக்கத்தில் நிற்கும்போது என்னால் பொய் சொல்ல முடியாது என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்தால் வந்ததும் தனியாக மேலே போனேன். உண்மையைச் சொன்னால் என்ன சடங்கு என்று அன்ரி கேட்பார். சொல்ல வேண்டிவரும். ஞாயிற்றுக்கிழமை பேத்தி வருவாள். திங்கட்கிழமை வகுப்பு முழுக்கத் தெரிந்துவிடும். ஆகவே எனக்குப் பிறந்தநாள் என்றேன். சொந்தக்காரர் மட்டும்தான் வருகிறார்கள் என்றேன். பூ வைப்பதற்கு அம்மா சிவப்புச் சாடியை ஒருநாள் இரவல் கேட்கிறார் என்றேன். என் பிறந்தநாள் மாசி மாதத்தில்.

அன்ரி கொஞ்சம் யோசித்தார். பிறகு சாடியை இரண்டு கையாலும் தூக்கிவந்து மேசையில் துணி விரித்து வைத்தார். என் சுட்டுவிரலைப் பிடித்து, தோளிலிருந்த கீற்று ஒன்றின் நடுநரம்போடு நகத்தை மெல்ல ஓட்டினார். ஓரிடத்தில் நகம் தடக்கியது. வேலைப்பாட்டுக் கோடுகளுக்கு நடுவில் ஒரு மயிர்க்கோடு வெடிப்பு. ரயிலில் வந்தபோது பட்ட அடி. இத்தனை வெட்டுகளுக்குள் அது எது என்று கண்ணுக்குத் தெரியாது. பக்கத்தில் நின்ற வெள்ளைச் சாடியை விரலால் சுண்டினார். அது நெடுநேரம் ரீங்காரித்தது. சிவப்பைச் சுண்டினார். அது பாதியிலே அடங்கிவிட்டது.

“தண்ணீர் வேண்டாம். பாரமும் வேண்டாம். காய்ந்த பூ மட்டும். அம்மாவுக்குச் சொல்லு,” என்றார்.

தண்ணீரில்தான் பூ வைக்க வேண்டுமென்றால் வெள்ளைச் சாடியைக் கொண்டுபோ, அது பலமானது என்றும் சொன்னார். நான் சிவப்பு வேண்டும் என்றேன். அம்மா கேட்டது சிவப்பு. வெள்ளையோடு கீழே போனால் ஏன் எதற்கு என்று கேள்வி வரும். பிறந்தநாள்காரி கேட்டால் மறுக்கலாமா என்று அன்ரி சிரித்தார். மகளின் கலியாணத்துக்குப் பிறகு அந்தச் சாடி அலுமாரியை விட்டு வெளியே வந்ததில்லையாம். அதைக் கம்பளித் துண்டில் சுற்றித் தரும்போது இன்னொன்றும் சொன்னார். இந்தச் சிவப்பு சாதாரணச் சாயம் இல்லை, கண்ணாடியில் பொன்னைக் கரைத்துச் சேர்த்தால்தான் இந்த நிறம் வருமாம்.

கீழே வந்து நான் அம்மாவுக்கு மொழிபெயர்த்தது இவ்வளவுதான்: சாடி தருகிறார், கவனமாக வைத்திருக்கட்டாம், பொன் கரைத்த சிவப்பாம். அவரும் பேத்தியும் அன்றைக்கு வேறெங்கோ போகிறார்களாம், வர வசதிப்படாதாம். வெடிப்பைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொன்னால் அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு மேலே போவார். தண்ணீரையும் தேங்காயையும் கையால் காட்டி விளக்கப் பார்ப்பார். பிறந்தநாளுக்கு எதற்குத் தேங்காய் என்று அன்ரி என்னைப் பார்ப்பார். இதையெல்லாம் ஒரு நிமிடத்தில் யோசித்து முடித்தேன். சாடி உடைய வேண்டும் என்று நான் நினைக்கவில்லை, சத்தியமாக நினைக்கவில்லை. இத்தனை வருடம் உடையாமல் இருந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமையிலா உடையப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

அம்மா ஊரில் சட்டி வாங்கினால் சுண்டிப் பார்த்துத்தான் வாங்குவார். இதையும் சுண்டினார். புருவம் சுருங்கியது.

“ஏன் பிள்ளை, சத்தம் பாதியிலை நிக்குது?”

“கண்ணாடி எண்டால் அப்பிடித்தான் அம்மா.”

அம்மா நம்பினார். பொன் கரைத்த சிவப்பு என்று அப்பாவுக்கும், அடுத்த நாள் தொலைபேசியில் மாமிக்கும் இரண்டு தடவை சொன்னார். மாமி உடனே கதையை மாற்றினாராம். அம்மாவை அவ்வளவு சந்தோசமாக நான் கனடாவில் கண்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் படியில் ஒரு சொக்லேட் பெட்டி இருந்தது. மேலே ஒரு வாழ்த்து அட்டை, பிறந்தநாள் வாழ்த்து என்று அச்சடித்தது. “என்ன எழுதியிருக்கு?” என்று அம்மா கேட்டார். “சந்தோசமா இருக்கட்டாம்,” என்றேன். அட்டையை நாலாக மடித்துக் குப்பைக்குள் அடியில் தள்ளினேன்.

பேஸ்மென்டின் குழாய்களை மறைத்துச் சேலைகள் தொங்கின. மாவிலைக்கு எங்கே போவது? அப்பா முன்வளவு மேப்பிள் மரத்தில் பழுக்காத இலையாகப் பார்த்து ஐந்து பறித்து வந்தார். மேப்பிளில் பிள்ளையார் கோபிக்க மாட்டார் என்றார் யாரோ. அரிசியின்மேல் சிவப்புச் சாடியை வைத்து, கழுத்துவரை தண்ணீர் விட்டு, மஞ்சள் பூசிய தேங்காயை மேலே வைத்தார்கள். விளக்கு வெளிச்சம் தண்ணீருக்குள்ளால் புகுந்து அந்த நட்சத்திரங்களையெல்லாம் அரிசியில் சிவப்பாக இறக்கியது. வந்த பெண்கள் என்னைவிட அதைத்தான் பார்த்தார்கள். தேங்காய் சரிந்து நிற்கிறது என்று மாமிக்கு ஒரு மனக்குறை. வந்து உள்ளங்கையால் அழுத்தி நேராக்கிவிட்டுப் போனார். பாரமும் வேண்டாம் என்று அன்ரி சொன்னது எனக்கு நினைவு வந்தது. வாயைத் திறக்கவில்லை.

ஆலாத்தி சுற்றத் தொடங்கி இரண்டாவது சுற்று. நகம் வெட்டுகிறபோது கேட்குமே, அப்படி ஒரு சத்தம். சாடி அந்தக் கீற்றோடு இரண்டாகத் திறந்தது. ஒரு பாதி நின்றது, மற்றப் பாதி விழுந்து துண்டுகளானது. தண்ணீர் அரிசியை அடித்துக்கொண்டு என் சேலைக் கரைவரை வந்தது. தேங்காய் உருண்டுபோய் வாசலில் கழற்றிவைத்திருந்த சப்பாத்துகளுக்கு நடுவில் நின்றது. தம்பி மட்டும் சிரித்தான்.

“சிவ சிவா! கும்பமெல்லே,” என்றார் மாமி.

பொல்லாத கண்பட்ட கண்ணூறு கழிந்தது என்று ஒரு பெண் சமாளித்தார். ஓம் ஓம் என்று நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். ஆனால் எல்லாருடைய கண்ணும் என்மேல் வந்து உடனே விலகியது. மங்கள வேளையில் நிறைகுடம் உடைந்தால் யாருக்காக வைத்ததோ அவளுக்குக் கூடாது. அது அந்த அறையில் தம்பியைத் தவிர எல்லாருக்கும் தெரியும். அம்மா சிரித்த முகத்தோடு துணி கொண்டுவந்து தண்ணீரைத் துடைத்தார், ஆலாத்தியை முடித்தார், எல்லாருக்கும் சாப்பாடு போட்டார். பிறகு நான் உடுப்பு மாற்றப் போனபோது பார்த்தேன். குசினியில் குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் அழுதுகொண்டிருந்தார். வெடிப்பு முதலே இருந்தது என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும், சகுனமும் இல்லை, அழுகையும் இல்லை. நான் கதவடியில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன்.

அடுத்த நாள் அம்மா வேலைக்குப் போகவில்லை. உடைந்த துண்டுகளை ஒவ்வொன்றாகக் கழுவி, மஞ்சள் போகத் துடைத்து, ஆலாத்தித் தட்டில் வெள்ளைத் துணி விரித்து அடுக்கி வைத்திருந்தார். நான் பள்ளிக்கூடத்தால் வந்ததும் தன் கையில் மிஞ்சியிருந்த இரண்டு காப்பில் ஒன்றைக் கழற்றித் தட்டில் வைத்துக்கொண்டு, “வா பிள்ளை,” என்றார்.

அன்ரி கதவைத் திறந்து தட்டைப் பார்த்தார். போய்க் கதிரையில் அமர்ந்தார். அடி நட்சத்திரம் இருந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“எனக்கு மன்னிப்புக் கேக்க முகம் இல்லை எண்டு சொல்லு. அவவின்ரை அம்மான்ரை பொருள். என்ரை வீட்டுச் சாமானெல்லாம் எரிஞ்சு போனது, அதாலை எனக்கு விளங்கும் எண்டு சொல்லு. இந்தக் காப்பு அதுக்கு ஈடில்லை எண்டும் சொல்லு,” என்றார் அம்மா.

“அம்மாவுக்கு வருத்தமாம்,” என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அன்ரி துண்டைத் திருப்பிப் பார்த்தார். நட்சத்திரத்தின் ஒரு வெட்டுக்குள் ஒரு அரிசி ஊறி ஒட்டிக்கொண்டிருந்தது. அதை நகத்தால் எடுத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நோ வோட்டர்,” என்றார். விரலை நிமிர்த்தி இன்னொருதரம், “நோ வோட்டர். அம்மாவுக்குச் சொல்லச் சொன்னேனே. சொன்னாயா?”

“என்னவாம்?” என்றார் அம்மா.

“பழைய சாமான்தானாம். பரவாயில்லையாம்,” என்று அம்மாவிடம் சொன்னேன். உடனே அன்ரியின் பக்கம் திரும்பி, ஆங்கிலத்தில், “நான் சொன்னேன். அம்மாதான் மறந்துபோனா,” என்றேன்.

அந்த வசனம் ஆங்கிலத்தில் ‘ஃபர்கொட்’ என்று முடிந்தது. அம்மா என்னைப் பார்த்தார், பிறகு அன்ரியைப் பார்த்தார். இரண்டு கையையும் கூப்பி, “ஃபர்கொட். ஐ ஃபர்கொட். சொறி,” என்றார்.

வழக்கம்போலக் கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொல்கிறார் என்று நினைத்தேன். என்ன நிம்மதி எனக்கு! அம்மாவின் கிளிப்பிள்ளைத்தனத்துக்கு வாழ்க்கையில் முதல்தடவையாக நன்றி சொன்னேன். அன்ரி அம்மாவை நெடுநேரம் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. ஒரு பொருளைக் கொடுக்கக்கூடாத ஆளிடம் கொடுத்துவிட்டேனே என்று பார்க்கிற பார்வை அது. காப்பை எடுத்து அம்மாவின் கைக்குள் திருப்பி வைத்தார். தட்டை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார். அடுத்த நாள் தட்டு கழுவித் துடைத்து எங்கள் படியில் இருந்தது. அதற்குப் பிறகு வடை மேலே போனது, அன்ரி மரியாதையாக நன்றி சொல்லி வாங்கினார். சூப் கீழே வரவில்லை.

அம்மா அந்தக் கிழமையிலிருந்து செவ்வாய்தோறும் விரதம் பிடித்தார். காலையிலிருந்து இரவு விளக்கேற்றும்வரை தண்ணீர் மட்டும். அந்த வயிற்றோடு எட்டு மணித்தியாலம் ஹோட்டலின் நீராவிக்குள் நின்றுவிட்டு வருவார். எதற்கு என்று தம்பி கேட்டால், “அக்காவுக்காக,” என்பார். கும்பம் உடைந்த தோசம் என்று எனக்குத் தெரியும். மாமியும் அதுதான் என்று எல்லாருக்கும் சொன்னார். செவ்வாய்க்கிழமைகளில் அம்மாவுக்கு முன்னால் சாப்பிட எனக்குக் கூசும். என்றாலும் சாப்பிட்டேன்.

இன்னொன்றும் நடந்தது. டொக்டரிடம் போகவும் தொலைபேசியில் பேசவும் அம்மா என்னைக் கூப்பிடுவதை நிறுத்தினார். ஏழு வயதுத் தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு போனார். நான் பெரியபிள்ளையானதற்குத் தருகிற மதிப்பு என்று அதை நினைத்துப் பெருமைப்பட்டேன். மாசியில் எனக்குப் பிறந்தநாள் கொண்டாட வேண்டாம் என்று அழுது அடம்பிடித்தேன். மேலே கேட்டுவிடும் என்ற பயம். அந்த வைகாசியில் ஸ்காபரோவுக்கு வீடு மாறினோம். புறப்படும்போது அன்ரி தம்பியை மட்டும் அணைத்துக் கொஞ்சினார். எனக்கும் அம்மாவுக்கும் கை தந்தார். சில வருடம் கழித்து நான் பஸ் எடுத்து அந்த வீட்டைத் தேடிப் போனேன். வேறு ஆட்கள் இருந்தார்கள். அம்மாவைக் கவனமில்லாத மனுசி என்று நம்பியபடியே அன்ரி இறந்துபோயிருந்தார்.

எனக்கு இருபத்துமூன்று வயதானபோது, ஒரு சனிக்கிழமை, அம்மா மேசையில் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார். மாமி எனக்கு ஒரு கலியாணம் பேசி வந்து, அது சரிவராமல் போயிருந்தது. கும்பம் உடைந்ததை மாமி திரும்பவும் இழுத்தார். அம்மா விரதத்தைச் செவ்வாயோடு வெள்ளிக்கும் நீட்டிவிடுவாரோ என்று பயந்தேன். முன்னால் போய் இருந்து, எழுதிவைத்து வாசிப்பதைப்போலச் சொன்னேன்.

“அம்மா, அந்தச் சாடி உடைஞ்சது சகுனம் இல்லை. அதிலை முதலே வெடிப்பு இருந்தது. தண்ணி விடவேண்டாம் எண்டு அன்ரி என்னட்டைச் சொன்னவ. நான் உங்களுக்குச் சொல்லேல்லை. பிறகு, நீங்கள்தான் மறந்தனீங்கள் எண்டு அவவுக்குச் சொன்னனான்.”

அம்மாவின் கை நிற்கவில்லை. “தெரியும்,” என்றார்.

“எப்ப தெரியும்?”

“அண்டைக்கே தெரியும். நோ வோட்டர் எண்டால் என்னெண்டு எனக்கு விளங்காதே? நான் தண்ணிக்கை நிண்டு வேலை செய்யிறவளெல்லோ. நீ சொன்ன மற்றதும் விளங்கினது.”

“அப்ப ஏன் அவவிட்டை உண்மையைச் சொல்லேல்லை?”

“சொல்லியிருந்தால் நீ என்னெண்டு பிறகு அந்தப் படியிலை ஏறி இறங்குவாய்?”

எனக்கு அழுகை வந்தது. அழுதபடியே, பிறகு ஏன் பதினொரு வருடம் விரதம் பிடித்தீர்கள் என்று கேட்டேன்.

“கண்ணாடி வெடிச்சதுக்கு ஆரும் விரதம் பிடிப்பினமே? அது வெடிக்கிற சாமான். பன்ரண்டு வயசுப் பெட்டை, என்ரை முகத்தையும் பாத்து, அவவின்ரை முகத்தையும் பாத்து, ரெண்டு பேருக்கும் ரெண்டு பொய் சொன்னாய். குரல் கூட நடுங்கேல்லை. நான் அதுக்குத்தான் பயந்தனான். கேட்டால் இன்னொரு பொய் சொல்லுவாய். நீயா வந்து உண்மையைச் சொல்லுமட்டும் விரதம் எண்டு நேர்ந்தனான்.”

அம்மா பயற்றங்காய்ப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். அந்த ஒரு நாளில் அவர் அன்ரிக்கு முன்னால் கைகூப்பி நின்றதை நான் வருடக்கணக்காக நினைத்து வெட்கப்பட்டிருக்கிறேன், ஆனால் விளங்காமல் நின்ற ஒரு பெண்ணுக்காகத்தான் வெட்கப்பட்டிருக்கிறேன். எல்லாம் விளங்கி, என் பொய்யைத் தன் வாயால் ஆங்கிலத்தில் ஒப்புக்கொண்ட பெண்ணை அன்றைக்குத்தான் முதலில் கண்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானம் அம்மா தட்டில் சோறு போட்டு, கறி விட்டு, எனக்கு முன்னால் வந்திருந்து சாப்பிட்டார். எனக்குத்தான் ஒரு வாய் இறங்கவில்லை.